பெரிய பேட்டரியும் பதினைந்து கிலோ இட்லி அரிசியும்

என் பழைய பெட்ரோல் ஸ்கூட்டர் ஒரு மழையில் முடிச்சூர் சாலைத் தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றது. அதன்பிறகு என்ன செய்தும் அது பழையபடி ஓடவில்லை. மெக்கானிக் கையை விரித்த அன்றே, அடுத்து எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்தான் என்று வீட்டில் ஒருமனதாக முடிவாயிற்று. சண்டை பேட்டரியில்தான் ஆரம்பித்தது.

நாங்கள் பார்த்து வைத்திருந்த வண்டி இரண்டு அளவு பேட்டரியில் கிடைத்தது. சின்னதை வாங்கினால் பீர்க்கன்கரணையிலிருந்து பெரும்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போய், வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். கொஞ்சம் சார்ஜ் மிச்சமும் இருக்கும். பெரியது இரண்டு மடங்கு தூரம் ஓடும். என் கணவர் பெரியதன் கட்சி. இத்தனைக்கும் அவர் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை தவிர வண்டியைத் தொடமாட்டார்.

“திடீர்னு மகாபலிபுரம் போகணும்னு தோணுச்சுன்னா?” என்றார்.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்களுக்கு ஒரு தடவையாவது அப்படித் தோணியிருக்கா?”

“பேட்டரி இல்லாததாலதான் தோணல.”

என் கவலை வேறு. எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் பாயிண்டும் கிடையாது. தினமும் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுவந்து, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும்.

ஷோரூமில் நான் முதலில் கேட்டதே, “தூக்கிப் பார்க்கலாமா?” என்றுதான். கலர் கேட்பேன் என்று காத்திருந்த விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டையும் எடுத்து வைத்தாள். சின்னது எட்டு கிலோ. ஸ்கூல் நோட்டுக் கட்டு தூக்கிப் பழகிய கைக்கு அது பரவாயில்லை. பெரியது பதினைந்து கிலோ. முழங்கால் உயரம்வரை தூக்கிவிட்டு மரியாதையாகக் கீழே வைத்துவிட்டேன். கணவர் அதை ஒரே கையில் எடுத்துக்கொண்டு ஷோரூமை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“இதெல்லாம் ஒரு வெயிட்டா? தினம் நானே தூக்கறேன்.”

“சார் ஜிம் போவீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், அன்று முழுவதும் மனிதர் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு ஒப்பந்தம் போட்டேன். மாதச் சாமானில் வந்திருந்த இட்லி அரிசியில் பதினைந்து கிலோவை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கட்டினேன். காலையில் வேலைக்குப் போகும்போது அவர் அதைக் கீழே கொண்டுபோய் எங்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் வைக்க வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது மேலே தூக்கி வர வேண்டும். ஒரு வாரம் முகம் சுளிக்காமல் செய்தால் பெரிய பேட்டரியே வாங்கலாம். “இவ்ளோதானா?” என்றார்.

முதல் நாள் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். இரண்டாம் நாள் முதல் மாடி வளைவில் அவருக்கு ஒரு போன் வந்தது. அதற்கடுத்த நாள் ஒவ்வொரு மாடியிலும் போன் வந்தது. காலையில் அவர் மறந்துவிட்டுப் போன போன் வீட்டு மேசை மேல்தான் இருந்தது என்பதை நான் சொல்லவில்லை. நான்காம் நாள் காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை மறந்தவர்போல ஓடப் பார்த்தார். வாசலை மறித்துக் கையில் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் நான் அவருக்காகக் கீழே காத்திருந்தேன். அவர் வந்து பையை எடுக்கும்போது, கீழ்வீட்டு அக்கா கையில் ஒரு எவர்சில்வர் தூக்கோடு வெளியே வந்தார்.

“இன்னாமா, டெய்லி காலைல அரிசிய எறக்கறீங்க, சாயங்காலம் ஏத்தறீங்க. வாங்க ஆளே வர்லியா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் கவனித்தேன், பையின் ஓரத்தில் இருந்த கிழிசலில் அரிசி சிந்தி, படியெல்லாம் கிடந்திருக்கிறது. நாங்கள் வியாபாரம் ஆரம்பித்து, அது போணியாகவில்லை என்று அக்கா முடிவே கட்டியிருந்தார்.

“அய்யோ அக்கா, வியாபாரமெல்லாம் இல்ல…” என்று நான் ஆரம்பித்தேன்.

“கூச்சப்படாத. நம்ம பில்டிங் ஆளு, நாமதான் சப்போர்ட் பண்ணணும். இந்தத் தூக்குல போடு.”

நான் மறுப்பதற்குள் கணவர் பையின் கட்டை அவிழ்த்துவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு பெருந்தன்மையை நான் பார்த்ததே இல்லை. தூக்கு நிறைந்த பிறகும், “இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோங்கக்கா. காசெல்லாம் வேண்டாம், நம்ம வீட்டு அரிசி” என்று அக்காவின் முந்தானையிலும் கொட்டினார். அக்கா உள்ளே போய் ஒரு அண்டாவே எடுத்து வந்தார். பையில் பாதிதான் மிஞ்சியது.

அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் நிற்காமல் மூன்றாவது மாடிக்கு வந்து, மூச்சு வாங்காமல் பேசினார்.

“பார்த்தியா? எவ்ளோ ஈஸியா வந்துட்டேன்!”

“இது சின்ன பேட்டரிங்க” என்றேன்.

பையைக் கீழே இறக்கி வைத்தார். “மகாபலிபுரத்துக்குத்தான் பஸ் இருக்கே” என்றார். மறுநாளே சின்னதற்குப் பணம் கட்டினோம்.

வண்டி கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, சார்ஜ் போடக்கூடப் பொறுக்காமல், பூஜை போட நேரே திருநீர்மலைக் கோவிலுக்குப் போக வேண்டும் என்றார். ஷோரூமில் கொடுத்த பாதி சார்ஜோடு கிளம்பினோம். திரும்பும் வழியில் பின்னாலிருந்து என் தோள்மேல் தலையை நீட்டி, கோவில் மந்திரம் மாதிரி மீட்டரில் சார்ஜ் சதவீதத்தைப் படித்துக்கொண்டே வந்தார். வியர்த்து வழியும் முகத்தோடு பெருங்களத்தூரில், “நிறுத்து, நிறுத்து” என்று இறங்கிவிட்டார்.

“நான் நடந்து வரேன். வெயிட் குறைஞ்சா வண்டி வீடு போய்ச் சேரும். நீ கிளம்பு.”

எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. தியாகிபோலக் கையசைத்தார். நான் வீட்டுக்கு வந்து, பேட்டரியைக் கழற்றி மேலே ஏற்றிச் சார்ஜில் போட்டு, டீயும் குடித்து முடித்தபோது, சட்டையெல்லாம் நனைய உள்ளே வந்தார்.

“நல்லவேளை, நான் இறங்கினேன். வரும்போது எவ்ளோ மிச்சம் இருந்துச்சு?”

இன்னும் இரண்டு தடவை பெருங்களத்தூருக்குப் போய் அவரை ஏற்றி வரும் அளவுக்கு இருந்தது.

“உங்க புண்ணியத்துல வந்து சேர்ந்தேன்” என்று சொல்லி, ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.