தளம் இறங்கிய வீட்டில் நான் செய்த ஜெபம்

பிரியமானவங்களே, விசுவாசமா ஜெபம் பண்ணவங்க சாட்சியை நிறைய கேட்டிருப்பீங்க. நான் சாவு கேட்டு ஜெபம் பண்ணவ. அதைத்தான் சொல்றேன்.

என் பேர் கிரேஸ். அனகாபுத்தூர்ல, ஆத்தோரச் சந்துல எங்க வீடு. முன்னாடி ஒரு ரூம். பின்னாடி என் மாமனார் காலத்துல சேர்த்துக் கட்டின இன்னொரு ரூம். என் கணவர் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமா அந்தப் பின் ரூம் கட்டில்லதான் கிடக்கிறார். எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல.

அந்த ரூம் மேல்தளம் நடுவுல கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே வந்தது. சிமென்ட் பெயர்ந்து, துருப்பிடிச்ச கம்பி வெளிய தெரிஞ்சுது. பார்க்க வந்த மேஸ்திரி, "இதுக்குக் கீழ படுக்காதீங்கம்மா, மழை முடியட்டும் வரேன்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

போன கார்த்திகையில விடாம மழை. மூணாம் நாள் காலையில முன் ரூம்ல முழங்கால் தண்ணி. கொஞ்சம் உயரமா இருந்தது பின் ரூம் மட்டும்தான். அவரை என்னால தனியா தூக்க முடியாது. சர்ச்சுக்கு போன் பண்ணேன், லைன் போகல. கட்டில் பக்கத்துல முட்டி போட்டேன். "ஆண்டவரே, விழுறதா இருந்தா எங்க ரெண்டு பேர் மேலயும் சேர்ந்தே விழட்டும்"னேன். வேற எதுவும் வாயில வரல.

அது என் கணவர் காதுல விழுந்துடுச்சு. அவருக்குப் பேச்சு குழறும். நல்லா இருக்கிற கையால என்னைத் தள்ளி, "நீ... போ... கிரேஸ்"னார். நான் உடைஞ்சு போனேன். "யாரையாவது அனுப்பும் ஆண்டவரே"ன்னு கதறினேன்.

அப்போ மனசுல வந்தது பக்கத்து வீட்டு சுலைமான் பாய். சென்ட்ரிங் வேலை செய்றவர். தளத்துக்கு முட்டு கொடுக்கிறதுதான் அவர் தொழில். ஆனா மூணு வருஷமா அவரோட பேச்சே இல்ல. அவங்க மாடித் தண்ணி இறங்கித்தான் எங்க தளம் கெட்டுதுன்னு தெருவுல நின்னு கேவலமா திட்டியிருக்கேன். "அவர் மட்டும் வேண்டாம்"னேன். சொல்லி வாய் மூடல, என் கணவர் தலையணை ஓரத்துல ஒரு பெரிய சிமென்ட் துண்டு விழுந்தது.

தண்ணியில இறங்கி பாய் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தவர், "இன்னாக்கா, அண்ணனுக்கு எதுனா ஆச்சா?"ன்னார்.

"தளம் விழுது பாய்."

உடனே அவரும் அவர் மச்சானும் சவுக்குக் கட்டைங்களைத் தண்ணியில இழுத்துட்டு வந்தாங்க. முதல்ல கட்டிலோட என் கணவரைச் சுவர் ஓரமா நகர்த்தினாங்க. தளத்துக்கு அடியில பலகை வச்சு ஆறு முட்டு கொடுத்தாங்க. அப்புறம் பாய் எங்க மாடியில ஏறி, ஓரமாவே நடந்து பார்த்தார். எங்க வடிகுழாயே அடைச்சு, தண்ணி குளமா நின்னுட்டு இருந்துச்சு. வருஷக்கணக்கா ஊறினது அந்தத் தண்ணிதான். கீழ வந்து, "அடைப்பு இருந்துச்சுக்கா, எடுத்துட்டேன்"னார். அவ்வளவுதான் சொன்னார். என்னால அவர் முகத்தைப் பார்க்க முடியல.

மழை விட்டதும் துருவைச் சுரண்டி, குறுக்க ரெண்டு இரும்பு கர்டர் கொடுத்து தளத்தைத் தாங்க வச்சார். ஸ்தோத்திரம், இன்னைக்கு வரைக்கும் அசையல.

என் கணவர் இன்னும் எழுந்து நடக்கல. அவர் நடக்கணும்னு செய்ற ஜெபத்துக்குப் பதில் வரல. சில நாள் இப்பவும் அழறேன். ஆனா சாவு கேட்ட என்னை ஆண்டவர் தள்ளிவிடல. நான் திட்டின அதே தெருவுல நின்னு, எல்லாரும் கேக்க பாய்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அதுக்கும் ஆண்டவர்தான் எனக்கு பெலன் கொடுத்தார்.

விசுவாசமே இல்லாத மாதிரி இருக்கிறவங்களும் ஆண்டவர்கிட்ட கேளுங்க. அழுதாவது கேளுங்க. அவர் யார் முகத்தைக் காட்டுறாரோ, அந்த வீட்டு வாசல்ல போய் நில்லுங்க.