நிலாவை யார் இழுக்கிறார்?

கல்யாணமான இரண்டாம் வருடம் சுகிர்தாவின் முன்பல்லை உடைத்தான் ஜான். மூன்றாம் வருடம் விலா எலும்பு. உத்திரமேரூர் பக்கத்துக் கல்குவாரியில் லாரி ஓட்டுகிறவன். அவள் இயற்பியல் படித்தவள். சாயங்காலம் எங்கள் காலனி சர்ச் கொட்டகையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். வீங்கின கன்னத்தோடு வந்து கரும்பலகையில் எழுதுவாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் என்ன கிழித்தேன்?

அடி தாங்காமல் வாலாஜாபாத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு ஓடுவாள். எங்கள் தெருவில் ஒரு வழக்கம்: கோபித்துப் போனவளைப் புருஷன் தனியாகப் போய்க் கூப்பிடக் கூடாது. தெருப் பெண்கள் நாலு பேர் புடவை, பூ, பழத்தட்டோடு போய் உட்கார்ந்தால் தாய்வீட்டார் மறுக்க மாட்டார்கள். மூன்று முறை அந்தத் தட்டைத் தூக்கியவள் நான்தான். கல்லானாலும் கணவன் என்று அங்கே உட்கார்ந்து பேசினேன். இந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

ஆடி மாதம் ஒரு நாள் என் மகளை அழைத்து வரப் போயிருந்தேன். சுகிர்தா பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"நிலாவ யாரு அதிகமா இழுக்கறது? பூமியா, சூரியனா?"

"பூமி டீச்சர்! அதான் கிட்ட கீது!"

"சூரியன் முன்னூத்தித் தொண்ணூறு மடங்கு தூரம். தூரத்த தூரத்தாலயே பெருக்குனா ஒன்றரை லட்சம். இழுப்பு அவ்ளோ கொறையும். ஆனா சூரியனோட நிறை பூமிய வுட மூணே கால் லட்சம் மடங்குக்கு மேல. வகுத்துப் பாருங்க. சூரியன்தான் ரெண்டு மடங்கு இழுக்குது."

பிள்ளைகள் போன பிறகு என்னிடம் திரும்பினாள்.

"நானும் தூரமாப் போனா போதும்னு நெனச்சேன் மங்கம்மாக்கா. அந்தப் பக்கம் எவ்ளோ எடை கீதுன்னு பாக்கல."

"எந்தப் பக்கம்டி?"

"அவன் ஒரே ஆளு. கூட நீங்க நாலு பேரு, தட்டு, இந்தத் தெரு."

செருப்பால் அடித்தது போல இருந்தது. மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே வாரம் ஜாக்கிக் கம்பியால் அவளுடைய வலது கையை உடைத்தான். அவள் வாலாஜாபாத் போய்விட்டாள். மூன்றாம் நாள் காலையில் பித்தளைத் தட்டில் புதுப்புடவையோடு என் வாசலில் நின்றான்.

"கெளம்புக்கா."

"நான் வரல."

"இன்னாது?"

"இனிமே எவளும் வர மாட்டா. தனியாப் போய்க் கூப்டு, ஆம்பளயா இருந்தா."

கன்னத்தில் அறைந்தான். கண் இருண்டது. கீழே விழுந்த தட்டை எடுத்து அவன் மூக்கில் ஓங்கி அடித்தேன். ரத்தம் புடவையில் சொட்டியது. சத்தம் கேட்டு, என்னோடு தட்டு தூக்கிப் போகிற மற்ற மூன்று பேரும் ஓடி வந்தார்கள், ஒருத்தி கையில் உலக்கையோடு. அவன் தெருமுனை வரை அடி வாங்கிக்கொண்டே ஓடினான். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

மறுநாள் தனியாகவே வாலாஜாபாத் போனானாம். மாமியார் வீட்டுக் கதவை இருட்டும்வரை உதைத்தும் யாரும் திறக்கவில்லை. உள்ளே சுகிர்தா இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாளாம். அந்த வலது கை ஒடிந்ததில் என் எடையும் இருந்தது.