தறிச் சத்தத்தில் ஒரு மூச்சுப் பயிற்சி

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண்ணை அழ வைத்துவிட்டேன். அதுவும் யோகா வகுப்பில்!

குமாரபாளையம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், தறி வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாரம் இரண்டு நாள் யோகா சொல்லிக்கொடுக்கிறேன். மண்டபத்தை ஒட்டியே விசைத்தறிப் பட்டறை. டக்கடக்... டக்கடக்... நிற்கவே நிற்காது. முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு யோசனை. சத்தத்தை விரட்ட முடியாதென்றால் வேலைக்கு வைத்துக்கொள்வோமே!

"கண்ணை மூடிக்குங்க. தறி எட்டுத் தட்டு தட்டற வரைக்கும் மூச்சை இழுங்க, பத்துத் தட்டுக்கு விடுங்க" என்றேன். பெண்களுக்குப் பிடித்துப்போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தறி ஊருக்கென்றே யோகா கண்டுபிடித்த மேதாவி ஆயிற்றே!

மல்லிகா அன்றுதான் முதல் தடவை வந்தார். (எழுதட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.) வயது நாற்பத்து மூன்று. தறி ஓட்டுகிறார். மாதக்கணக்காகத் தூக்கமில்லை. அந்தக் கலக்கத்தில் ஓடுகிற தறிக்குள் கையை விட்டு இரண்டு விரல் நசுங்கியிருக்கிறது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் கையும் போகும், வேலையும் போகும். டாக்டர் மாத்திரையோடு யோகாவுக்கும் போகச் சொன்னாராம்.

"ஏனுங்க டீச்சர், இதுல தூக்கம் வருமுங்களா?"

"வராம எங்க போயிரும்?" என்றேன். வாய்க்கொழுப்பு... வேறென்ன?

கடைசிப் பயிற்சி. எல்லாரையும் மல்லாந்து படுக்கச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். விளக்கை அணைத்தேன். தறியின் தட்டை எண்ணச் சொன்னேன். மல்லிகாவின் தோள்கள் மட்டும் இறுகிக் கிடந்தன. தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு தோளையும் பிடித்துத் தரையோடு அழுத்தினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் செய்வார்.

மல்லிகா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. முகத்தைக் கையால் மறைத்து, உடம்பைச் சுருட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதார்.

மற்றவர்கள் போன பிறகு, கதவைத் திறந்துவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"எங்க ஊட்டுலயே தறி இருந்துச்சுங்க. அது ஓடறப்பத்தான் எங்க ஊட்டுக்காரரு அடிப்பாரு. பக்கத்து ஊட்டுக்குக் கேக்காதுல்லங்க? தோளைப் புடிச்சுக் கீழ அமுக்கி..." நிறுத்தினார். "அவரு செத்தே மூணு வருசமாச்சுங்க."

"அப்புறம் தினமும் தறிகிட்ட எப்படிங்க நிக்கறீங்க?"

"அங்க கண்ணு தொறந்திருக்குமுங்க. நூலு அறுந்துச்சான்னு பாத்துட்டே இருக்கோணும். படுத்துக் கண்ணை மூடுனாத்தானுங்க எல்லாம் வந்துருது. நீங்களும் கண்ணை மூடச் சொன்னீங்க..."

வெட்கமாக இருந்தது. சாத்திய கதவு, இருட்டு, அந்தச் சத்தம், அழுத்தும் கை — ஒன்றைக்கூட விடாமல் நானே எல்லாவற்றையும் தயார் செய்து கொடுத்திருக்கிறேன்!

யோகா சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். கண்ணை மூடு, படு, அசையாதே, உடம்பைத் தளர விடு... எல்லாமே கட்டளை. அடிபட்ட உடம்புக்கு அது யாருடைய குரலாகக் கேட்கும் என்று யோசித்திருக்கிறோமா? அசந்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட தோள், நான் 'ரிலாக்ஸ்' என்றால் நம்பிவிடுமா?

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை வந்து நின்றார்.

"வேற எங்கீங்க போறது?"

வகுப்பைக் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றியிருந்தேன். அங்கே சத்தம் குறைவு. தட்டு எண்ணும் மேதாவித்தனத்தைக் கடாசியாயிற்று. கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்தது. "கண்ணை மூடணும்னு இல்லைங்க. உட்கார்ந்தே செய்யலாம். பிடிக்கலைன்னா எழுந்து போயிடலாம்" என்றேன். மல்லிகா கதவோரமாகச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

தோளில் அதே இறுக்கம். இந்தத் தடவை எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"தோள்ல கை வைக்கட்டுங்களா?"

சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். "வேண்டாமுங்க."

"சரிங்க." கையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏனுங்க... வேண்டாம்னு சொன்னா நிறுத்திருவாங்களா?"

நாற்பத்து மூன்று வயதில் ஒரு பெண் கேட்கிற கேள்வியா இது!