தூரிகை திறந்த கண்கள்

அந்த மதியத்தை நினைத்தால் முதலில் வருவது வாசனைதான். ஈரம் முழுதும் காயாத புகைப்படத் தாளிலிருந்து எழுந்த புளித்த காடி நெடி...

ஸ்டூடியோக்காரர் அட்டையில் வைத்துக் கொண்டுவந்த படத்தைக் கூடத்து மேசைமேல் வைத்தார். நானும் என் கணவரின் அக்காவான அண்ணியும் குனிந்து பார்த்தோம்.

படத்தில் என் மகள் கண்களை அகலத் திறந்திருந்தாள்.

ஆனால் படம் எடுத்தபோது அவள் கண்களைத் திறக்கவே இல்லை.

ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்திருந்த காலம் அது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மகள் வயிற்றில் இருக்கும்போதே என் கணவர் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். பிறந்த புதிதில் அவளுக்குக் கண்களில் பீளை கட்டி, இமைகள் ஒட்டிக்கொண்டே இருந்தன. தஞ்சாவூர் மருத்துவர் தந்த சொட்டு மருந்தில் குணமாகிவிட்டது. ஆனால் லீவு முடிந்து திரும்பிய யாரோ ஒருவர், குழந்தைக்குப் பார்வையே இல்லையாம் என்று அங்கே அவரிடம் சொல்லிவிட்டார்.

அவர் பூத்துக்கு ஃபோன் செய்து என்னைக் கூப்பிட்டார்.

"மறைக்காம சொல்லு. பாப்பாவுக்குக் கண்ணு தெரியுதா, இல்லையா?"

"நல்லாத் தெரியுதுங்க. வெளக்கைக் கண்டா சிரிக்குறா."

"எல்லாரும் சேர்ந்து என்னைச் சமாதானப்படுத்துறீங்க. எதிர்வீட்டு குமார் லீவுல வந்திருக்கான்ல? அவன்கிட்ட ஒரு போட்டோ குடுத்தனுப்பு. அவ கண்ணை நான் பார்க்கணும். இல்லன்னா வேலையை விட்டுட்டு வந்துடுறேன்."

ஒப்பந்தம் முடியுமுன் வந்தால் மறுபடி போக வழியில்லை. ஆற்றில் தண்ணீர் வராமல் அந்த ஆண்டு குறுவையும் பொய்த்திருந்தது. அவர் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஆகவே ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கே வரவழைத்தோம். மருந்து விட்ட கண்களுக்கு வெளிச்சம் கூசிற்று போலும். ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் மகள் இமைகளை இறுக மூடிக்கொண்டாள். ஒரு படமாவது தேறும் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான் இப்போது இதைக் கொண்டுவந்திருந்தார்.

"கண்ணு எப்படிங்க தொறந்திருக்கு?"

"பிரஷ்ஷால நான்தாம்மா தொறந்துவிட்டேன். சொன்னாத்தான் தெரியும், பாருங்க," என்றார் பெருமையாக.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் அண்ணி. "விடிஞ்சா குமார் கிளம்புறான். குடுத்தனுப்பும்மா. தம்பி மனசு ஆறட்டும்."

நான் சுவரைப் பார்த்தேன். அங்கே மாமனார் படம். காலமான பிறகு நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து எடுத்தது. அந்நாளில் எங்கள் பக்கம் அது வழக்கம். மூடிய கண்களைத் தூரிகையால் திறந்தவரும் இதே ஸ்டூடியோக்காரர்தான். அதே வட்டக் கருவிழி. நடுவில் அதே வெள்ளைப் புள்ளி.

"அண்ணி, மாமா படத்தைப் பாருங்க. அப்புறம் இதைப் பாருங்க."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயோ ஆண்டவரே..." படத்தைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார். "அந்தப் படத்தைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் அவன். இதைப் பார்த்த நிமிஷம் கண்டுபிடிச்சிடுவான். புள்ளைக்குக் கண்ணே இல்லன்னு முடிவு கட்டிடுவான்."

ஸ்டூடியோக்காரர் முகம் வாடியது. "மூடுன கண்ணை வச்சிக்கிட்டு நான் வேற என்னம்மா செய்யிறது? இப்போ கேமராவுல இருக்குற வேற ரோல்லயும் ஒரு படம்தான் பாக்கி."

"ஃப்ளாஷ் இல்லாம எடுங்க."

"கறுத்துப்போயிடும்."

"கொல்லை வாசல்ல நல்ல வெளிச்சம் இருக்குங்க."

அரைமனதோடு வந்தார். வாசலை ஒட்டி, வெயில் நேரே படாத இடத்தில் பாயை விரித்து மகளைக் குப்புறக் கிடத்தினேன். நிழல் விழுந்த பக்கம் அண்ணி ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தார். அதில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து குழந்தையின் கன்னத்தில் விழுந்தது.

"இது போதும். ஆனா புள்ள ஆடவே கூடாது. ஆடினா கலங்கிடும்."

ஐந்து மாதக் குழந்தை ஆடாமல் எப்படி? ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்ந்து அசையும் ஐந்தாம் மாதத்தைப் பிள்ளைத்தமிழ் செங்கீரைப் பருவம் என்கிறது. தமிழாசிரியரான என் தந்தையார் அதைப் பாடிக் காட்டியபோது எவ்வளவு இனித்தது! அன்று அந்த அசைவே எனக்கு எதிரியாயிற்று.

அவர் விரலைச் சொடுக்கினார். நான் கிலுகிலுப்பையை ஆட்டினேன். ஆட்டம் கூடியதே தவிர நிற்கவில்லை. வெயில் சுவர் மேல் ஏறிக்கொண்டிருந்தது. பைபிளில் பிறவிக் குருடன் பார்வை பெற்ற பகுதியைக் காலை ஜெபத்தில் வாசித்திருந்தேன். ஒரு மன்றாட்டு உதடு அசையாமல் எனக்குள் ஓடியது...

அண்ணி திடீரென்று வேட்டியை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். டேப் ரிக்கார்டரோடு திரும்பி வந்து, அதைக் கேமராவுக்குக் கீழே வைத்துப் பொத்தானை அழுத்தினார். என் கணவர் பேசிப் பதிவுசெய்து அனுப்பிய கேசட்.

"பாப்பா... அப்பா பேசுறேன்டா கண்ணு..."

மகள் நின்றாள். தலை நிமிர்ந்தது. குரல் வந்த இடத்தை இமைக்காமல் பார்த்தாள்.

டக்.

மறுநாள் காலை, குமார் பெட்டியைப் பூட்டும் நேரத்தில் படம் வந்து சேர்ந்தது. வலக்கை சற்றே கலங்கியிருந்தது. மோவாயில் எச்சில் கோடு. கண்களோ... தெளிந்த கண்கள்.

"எச்சிலை மட்டும் எடுத்துடட்டுங்களா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"கைய வச்சீங்கன்னா பாருங்க!" என்றார் அண்ணி. "அந்த எச்சில்தான் எங்களுக்குச் சாட்சி."

அடுத்த வாரம் பூத்துக்கு அவர் அழைப்பு வந்தது. "நேரா என்னையே பார்க்குறாடி..."

"உங்களைத்தாங்க பார்க்குறா. எப்படின்னு, ஒப்பந்தத்தை முடிச்சிட்டு வாங்க, சொல்றேன்."

அந்த மகள் இப்போது டொராண்டோவில் இருக்கிறாள். எனக்கு ஒரு பேரன். நாள் தவறாமல் படங்கள் வருகின்றன. சென்ற வாரம் வந்த ஒன்றில் ஜன்னலோரம் கண் விரித்துச் சிரித்தான்.

"இதுல கண்ணை மூடிட்டாம்மா. ஃபோனே தொறந்து குடுத்துடுச்சு. தெரியுதா பாருங்க?" என்றாள் மகள்.

தெரியவில்லை. தூரிகைத் தடம் எங்கும் இல்லை. ஆயினும் அந்தக் காடி நெடி எங்கிருந்தோ வந்தது.

"கண்ணை மூடியிருக்கிறதையே அனுப்பும்மா."

அனுப்பினாள். வெளிச்சம் கூசி மூக்கைச் சுருக்கி, இமைகளை இறுக மூடியிருந்தான். அவன் அம்மாவும் அந்த ஃப்ளாஷுக்கு இப்படித்தான் சுளித்தாள். அந்தப் படங்களை அன்று யாரும் எடுத்து வைக்கவில்லை...

பேரன் முகத்தில் பார்த்துக்கொண்டேன்.