பெரட்டுக்கு வராத மரபணு

நான் பொய்ச் சான்று கொடுத்தேன். ஒரு மரபணுவுக்கு... காணாததைக் கண்டேன் என்றேன்!

சிரிக்காதீர்கள். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில் அட்டனுக்கு அருகே ஓர் ஆய்வுகூடத்தில் எனக்குக் கணினி வேலை. கொத்மலைப் பக்கத்துத் தேயிலை மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுக்களை மென்பொருளிடம் கொடுப்பேன். அந்த உயிர் எதைத் தின்று எதைத் தயாரிக்கிறது என்று அது படிப்படியாக வரைபடம் போட்டுக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குள் இத்தனை அடுப்புகளா! வாய் பிளந்து பார்த்திருப்பேன்.

ஓர் அமினோ அமிலம் தயாராகும் பாதையில் மட்டும் ஒரு படி காலி. அதற்குரிய மரபணு அகப்படவில்லை. அந்த இடத்துக்கு மென்பொருள் வேறொரு மரபணுவை முன்வைத்தது. ஊகமா, சோதனையில் கண்டதா என்றும் கேட்டது.

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வராதவளுக்காகப் பக்கத்து லயத்து வீட்டுக்காரி "வந்தாச்சுங்க!" என்று குரல் கொடுப்பாள். என் அம்மாவும் கொடுத்திருக்கிறாள். அதைப் பாவமென்று யார் நினைத்தார்கள்?

நானும் கொடுத்தேன். 'சோதனையில் கண்டது.' பாதை முழுமையானால் எப்படியிருக்கும் என்று பார்க்கும் ஆவல்... அவ்வளவுதான்! பார்த்துவிட்டு மாற்றிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் ஆய்வுகூடத் தலைவர் வரைபடத்தைக் கண்டு முதுகில் தட்டினார். மாற்றவில்லை.

சிவகௌரி அக்கா யாழ்ப்பாணத்தவர். பட்டத்துக்காக எங்கள் கூடத்தில் ஆய்வு செய்தவர். என் வரைபடத்தை நம்பி, அந்த அமிலம் கலக்காத ஊட்டத்தில் நுண்ணுயிரை வளர்த்தார். தானே தயாரித்துக்கொள்ளும் என்றல்லவா நான் சொல்லியிருந்தேன்! ஒவ்வொரு தட்டிலும் செத்தது.

"என்ர கைதான் சரியில்லைப் போல, தம்பி."

"அப்படியெல்லாம் இல்லைங்க அக்கா."

செத்த தட்டுகளைக் கழுவ எடுத்துப் போனேன். பெரட்டுக்கு வராதவளின் தேயிலை நிரையை வேறொருத்திதான் கொய்து தீர்க்கவேண்டும்... எனக்குத் தெரியாதா? தெரியும்!

அக்கா பட்டத்தைக் கைவிட்டு, ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டார். அவர் போன பிறகு, சத்தமில்லாமல் 'ஊகம்' என்று மாற்றினேன். ஒரு சொடுக்கு. அதற்குத்தான் அத்தனை காலம் மனம் வரவில்லை!

சென்ற மாதம் தொலைபேசியில் பேசினார். மழையை விசாரித்தார், பிள்ளைகளை விசாரித்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, அது ஏன் செத்தது எண்டு உனக்கு எப்பவாவது விளங்கிச்சுதோ?"

என்னைக் கெடுத்த அதே ஆவல், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவர் குரலில்!

"விளங்கலைங்க அக்கா" என்றேன்.