வராந்தாவில் போட்ட நாற்காலி

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் ஒரு கல்லூரியின் கணிதத் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். துறையில் நான் ஒருத்திதான் பெண். ஆசிரியர் அறைக்கு இருந்த ஒரே ஜன்னலை வெயிலுக்குப் பயந்து சாத்தியே வைத்திருப்பார்கள். உள்ளே எந்நேரமும் சிகரெட் புகை. வளாகத்துக்குள் மாணவன் எவனாவது பீடி பற்றவைத்தால் மட்டும் சஸ்பெண்டு. அந்த உத்தரவைச் சொல்லும் துறைத்தலைவரின் விரலிடுக்கிலும் சிகரெட் புகைந்துகொண்டுதான் இருக்கும்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். புகை பட்டாலே குமட்டியது. ஒருநாள் துறைத்தலைவரிடமே கேட்டுவிட்டேன்.

"சார், கொஞ்சம் வெளியே போய்ப் பிடிக்கலாமே?"

அவர் சிரித்தார். "நீங்க ஆம்பூர்தானேம்மா? டேனரி நாத்தத்துலயே வளர்ந்தவங்களுக்கு இது இன்னா பெரிய பேஜாரு?"

மற்றவர்களும் சிரித்தார்கள். என் அப்பா டேனரியில் தோல் அலசும் தொட்டிக்குள் நின்று வேலை பார்த்தவர். எனக்குச் சுருக்கென்றது.

"அந்த நாத்தம் எங்களுக்குச் சோறு போட்டுச்சு சார். இந்தப் புகை எனக்கு இன்னா போடுது?"

பதிலுக்கு நிற்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து விடைத்தாள் திருத்தியதும் பாடம் தயாரித்ததும் அங்கேதான். காரணம் கேட்ட மாணவர்களிடம் உள்ளதைச் சொன்னேன்.

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். "ஒரு லேடி ஸ்டாஃப் இப்படி வெளியில உக்காந்திருந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும் சார். கேட்டா நானே சொல்லிக்கிறேன்."

அடுத்த வாரமே பீடியோடு பிடிபட்ட மாணவன் ஒருவன் முதல்வர் முன்னால் நிமிர்ந்து நின்றானாம். "ஸ்டாஃப் ரூம்ல மட்டும் ஊதலாமா சார்? மேடமே தாங்க முடியாம வெளியில உக்காந்திருக்காங்க."

அதற்குப் பிறகுதான் வளாகத்துக்குள் இனி யாருமே புகைக்கக் கூடாது, ஆசிரியர்களும்தான் என்று சுற்றறிக்கை வந்தது. துறைத்தலைவர் கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடைக்குப் போகத் தொடங்கினார். என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது ஆசிரியர் அறையில் அவர் மேசைமேல் மறுபடியும் சாம்பல் கிண்ணம் ஒன்று இருந்தது. நிறைய சிகரெட் துண்டுகள். எல்லோரும் பார்க்க அதை எடுத்துப்போய்க் குப்பைத்தொட்டியில் போட்டேன், கிண்ணத்தோடு.

"ரொம்ப ஜாஸ்தியா போறீங்கம்மா," என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஆமா சார்," என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தேன்.