லேசான விரல்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பாள். பதில் வருவதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிடுவாள். ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிற குழந்தைகளைக்கூட, கை லேசு என்று அவளிடமே அழைத்து வருவார்கள்.

அன்று கூடத்தைப் பார்க்க வெளியாட்கள் இருவர் வந்திருந்தார்கள். புதிதாய்ப் பொறுப்பேற்ற டாக்டர் அவளைக் காட்டி, "லைட் ஃபிங்கர்டு" என்று இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வந்த அம்மாள் தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கூட வந்தவர் வாயைப் பொத்திச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் இங்கிலீஷ் டீச்சரான நாத்தனாரிடம் கேட்டாள்.

"ஐயோ அண்ணி, அது திருடங்களைச் சொல்றது. பாக்கெட்டுக்குள்ள விரல் போறதே தெரியாதாம், அவ்வளவு லேசாம். பல நூறு வருஷமா இருக்கிற வார்த்தை."

"திருடனுக்குக் கைதானே நீளம்?"

"நமக்கு நீளம். அவங்களுக்கு லேசு."

இவள் வேண்டுமென்றே கொளுத்திப் போடுகிறாளோ? அகராதியைப் புரட்டச் சொல்லிக் கண்ணாலேயே பார்த்தாள். அதேதான்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது: போன வாரத்திலிருந்து மைக்ராஸ்கோப் லென்ஸ் ஒன்றைக் காணோம்.

மறுநாளிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம். டாக்டர் தினமும் பூட்டுகிற அலமாரிதான், இப்போது தனக்காகவே பூட்டுவதுபோலிருந்தது. காவலாளி "பை கனமா இருக்கேக்கா" என்றதற்கு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தே காட்டினாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

அதற்குமேல் தாங்காமல் நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

"லென்ஸை நான் எடுத்ததை நீங்க பாத்தீங்களா?"

"லென்ஸா? அது ரிப்பேருக்கில்ல போயிருக்கு!"

"அப்புறம் ஏன் சார் வந்தவங்ககிட்ட என்னைத் திருடின்னு சொன்னீங்க?"

அந்த இங்கிலீஷ் வார்த்தையையும் அதன் அர்த்தத்தையும் அவள் சொன்னதும் டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "கை லேசுங்கிறதை அப்படியே இங்கிலீஷ்ல சொன்னேம்மா. இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு சத்தியமா தெரியாது."

அவள் நம்பினாள், முக்கால்வாசி. "அப்ப அவங்களுக்கு போன் போடுங்க. என் எதிர்லயே. தமிழ்லயே சொல்லுங்க."

டாக்டர் எண்ணைத் தேடினார். அவர் பேசி முடிக்கும்வரை ஊசியக்கா நாற்காலியில் உட்காரவே இல்லை.